கையை நீட்டித்தான் அளக்க வேண்டும்

அப்பா "அரை மணி நேர வேலைதான்" என்று சொன்னால் அம்மா உடனே அடுப்பை அணைத்துவிடுவாள். சோறு ஆறினாலும் பரவாயில்லை, அடிபிடிக்கக் கூடாது என்பது அவளுடைய கணக்கு. அப்பாவின் அரை மணி நேரத்தில் எங்களுக்கு ஒரு தீபாவளிக் காலை முழுவதும் போயிருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் நான் ஆடிய நடனம் போயிருக்கிறது. அத்தையைப் பெண் பார்க்க வந்த நாளும் அதே அரை மணி நேரத்தில்தான் போயிற்று. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்ற மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு இடுக்குச் சந்து. அதன் உள்ளே எங்கள் வீடு. வீட்டின் முன்பாதி அப்பாவின் ஹைட்ராலிக் ஹோஸ் கடை. எண்ணெயின் அழுத்தத்தால் அசைகிற யந்திரங்களுக்கு அந்த எண்ணெயைக் கொண்டுபோகிற தடித்த ரப்பர்க் குழாய்தான் ஹோஸ். மீன்பிடிப் படகில் வலை இழுக்கிற விஞ்சு, வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர், கிரேன் என்று எதில் ஹோஸ் வெடித்தாலும் எங்கள் சந்துக்கு வருவார்கள். அப்பா அளந்து வெட்டுவார். முனையில் மேல்தோலைச் சீவி, இரும்பு மூட்டைச் செருகுவார். அதைக் கிரிம்பிங் மெஷினில் வைத்து, ஆயுசுக்கும் கழன்றுவராதபடி நெரிப்பது அத்தையின் வேலை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று கடையில் வந்து நின்றவள், பிறகு வேறு வேலையைத் தேடவே இல்லை. படகுக்காரர்கள் வாசலில் நின்று "சேச்சி உண்டோ?" என்றுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் நிறையப் பெருமையும் இருந்தன.

கடையில் ஒரே ஒரு சட்டம். மடங்கி நீள்கிற யந்திரம் எதுவானாலும் அதன் கையை முழுசாக நீட்டிவைத்துத்தான் ஹோஸுக்கு அளவு எடுக்க வேண்டும். மடங்கியிருக்கும்போது தாராளமாகத் தொங்குகிற ஹோஸ் நீட்டும்போது பற்றாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்பா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அம்மாகூட எனக்குச் சட்டை தைக்கத் துணியை வைத்துப் பார்க்கும்போது, "கையை நீட்டுடி, உங்கப்பன் கடைச் சட்டம்" என்பாள். ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும். இந்தச் சட்டம் தடுமாறாது.

தாத்தா போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் பெரியப்பா. எர்ணாகுளத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். வெள்ளை வேட்டியும் வெற்றிலைச் செல்லமுமாக அவர் வந்தால், அப்பா ஹோஸ் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். பெரியப்பா சொன்னதை அப்பா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அத்தைக்கு வரன் கொண்டுவந்ததும் அவர்தான். ஆலுவாவில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பம், நல்ல பையன், நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவர்கள் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் இந்த ஒர்க்ஷாப் வேலைக்கெல்லாம் போகக் கூடாது.

"அதெல்லாம் போக மாட்டாள்னு சொல்லிட்டேன்" என்றார் பெரியப்பா. அத்தை அப்போது கையில் ஒரு ஹோஸை வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா அண்ணாச்சி?" என்று அப்பா மெதுவாகத் தொடங்கினார்.

"வாக்குக் கொடுத்தாச்சு. நாம வாக்கு மாறின குடும்பம்னு பேர் வாங்கணுமா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. அத்தை திரும்பி அந்த ஹோஸை மெஷினில் வைத்து நெரித்தாள். எனக்கு இதில் எதுவும் தவறாகப் படவில்லை. பெரியவர்கள் பேசினால் அப்படித்தான் முடியும். என்னுடைய கவலையெல்லாம் கேசரியில் முந்திரி எனக்குத் தனியாக வருமா என்பதுதான்.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அம்மா அத்தையின் கைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர்க் கரியும் எண்ணெயும் நகக்கண்ணில் ஏறினால் எளிதில் போகாது. சோப்புத்தூள் போட்டாள், சீனி போட்டுத் தேய்த்தாள், கடைசியில் எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பைத் தொட்டுத் தேய்த்தாள்.

"மைனி, போதும். தோல் உரியுது" என்றாள் அத்தை.

"உரியட்டும். அந்தம்மா முதல்ல கையைத்தான் பாக்கும்."

அந்தம்மா என்பது மாப்பிள்ளையின் அம்மா. நல்ல நேரம், சகுனம் எல்லாம் தவறாமல் பார்க்கிறவர்கள், பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பி வீட்டுக்குப் போய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறவர்கள் என்று பெரியப்பாவே பெருமையாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ராகு காலத்துக்கு முன்பு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவதாக ஏற்பாடு. அத்தை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எலுமிச்சை வாசனை வீடு முழுக்க அடித்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே ஏதாவது விளங்கியிருக்கலாம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அம்மா வாசலில் இரண்டாவது கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது சந்துக்குள் அந்த டிராக்டர் வந்தது.

அப்படி ஒரு வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டிராக்டரின் பின்பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட இரும்புக் கை ஒன்று மடங்கிக் கிடந்தது. கையின் நுனியில் புல் வெட்டுகிற கத்திப் பெட்டி. ரோட்டோரத்துப் புதரையும் சரிவில் வளர்ந்த காட்டுச்செடியையும் வண்டியை ரோட்டில் வைத்துக்கொண்டே கையை நீட்டி வெட்டுமாம். அந்தக் கையின் முழங்கை மடிப்பில் ஓடுகிற ஹோஸ் வெடித்திருந்தது. பாதி ஹோஸ் புதரிலேயே போய்விட்டது. மீதி, டிரைவரின் கையில் நார்நாராகத் தொங்கியது.

"சேட்டா, நாளைக்குக் காலத்தே பணி உண்டு. இன்னைக்குத் தந்நே ஒண்ணு சரியாக்கித் தரணும்" என்றார் டிரைவர்.

நாளைக் காலை வா என்று சொல்லியிருக்கலாம். தோப்பும்படியில் வேறு கடை இருக்கிறது என்று கையைக் காட்டியிருக்கலாம். அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். சந்தின் வாயைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார். பிறகு, "உள்ளே எடுத்து வச்சுக்கோ. அரை மணி நேர வேலைதான்" என்றார்.

அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "என்னங்க, இன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்று அப்பா தலையாட்டினார். டிராக்டரின் பின்சக்கரம் அம்மாவின் கோலத்தில் பாதியை ஏறி மிதித்துவிட்டு நின்றது. அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

நான் விடுவதாக இல்லை. அம்மாவின் பிரதிநிதியாக அப்பாவின் பின்னாலேயே நடந்தேன். அவர் அளவு நாடாவை எடுத்தார். மடங்கிக் கிடந்த கையின் மேலேயே, ஒரு மூட்டிலிருந்து முழங்கையின் உள்பக்கமாக இன்னொரு மூட்டுவரை நாடாவை வைத்தார். கடை முகப்பு உத்திரத்தில் பளு தூக்குகிற செயின் பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கியில் மாட்டிக் கையைத் தூக்கி நீட்டிவிட்டுத்தான் அளவு எடுப்பது வழக்கம். அப்பா அதைத் தொடவே இல்லை.

"அப்பா! கையை நீட்டி அளக்கணும்!" என்று கத்தினேன்.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலாக வீட்டு வாசலையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். எலுமிச்சை வாசனை அங்கேயும் வந்தது. பிறகு அளவைச் சாக்பீஸால் ஹோஸில் குறித்தார்.

"அப்பா, மடக்கி அளந்தா பத்தாது. நீங்கதானே சொல்லியிருக்கீங்க!"

"நீ போய் அம்மாவுக்குப் பூ தொடுத்துக் கொடு, மோளே."

எனக்குப் பூத் தொடுக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அவசரத்தில் அவருடைய சட்டத்தையே அவர் மறந்துவிட்டார், நினைவூட்டுகிறவளை விரட்டுகிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்று நெரிக்கிற வேலையையும் அவரே செய்தார். கிரிம்பிங் மெஷினுக்கு முன்னால் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, அத்தை ஒரே மூச்சில் செய்வதை அவர் தடவித் தடவிச் செய்துகொண்டிருந்ததைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

பெரியப்பா வந்து சேர்ந்தபோது அப்பா ஹோஸை மாட்டி முடித்திருந்தார். சந்தில் டிராக்டரைக் கண்டதும் பெரியப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னடா இது?"

"முடிஞ்சது அண்ணாச்சி. ஒரு தடவை நீட்டி மடக்கிப் பார்த்துட்டு அனுப்பிடறேன்."

அப்போது பெரியப்பாவின் செல்போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். பெரியப்பா வரவேற்கச் சந்தின் வாய்க்கு ஓடினார். அப்பா மட்டும் அவசரப்படவில்லை. கடையின் மூலையிலிருந்து, எண்ணெயை உறிஞ்சப் போடுகிற மரத்தூள் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலை ஒட்டி ஒரு வரம்பு கட்டினார். சந்தோரத்துச் சாக்கடை ஓடைப் பக்கம் ஒரு வரம்பு கட்டினார்.

"தெருப் பக்கம் போடலையே!" என்றேன்.

"அந்தப் பக்கம் வேண்டாம்."

சந்து தெருவைப் பார்த்துத்தான் சரிகிறது. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் ஓடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற இதுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கி வாசலுக்கு உள்ளே வைத்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் உள்ளே விரட்டினார். டிரைவரிடம், "எஞ்சினை முறுக்காதே. ரொம்ப மெதுவா விடு" என்று சொல்லிவிட்டுத் தானும் சக்கரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

இரும்புக் கை எழுந்தது. முழங்கை விரிந்தது. புது ஹோஸ் நேராகி, விறைத்து, கம்பியாக நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாய் குரைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது ஹோஸ் மூட்டிலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் மளமளவென்று கொட்டியது. டிரைவர் எஞ்சினை அணைப்பதற்குள் தொட்டி காலியாகிவிட்டது. கை மெல்ல இறங்கி, சந்தின் குறுக்காக எதிர்ச்சுவரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தின் வாயில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் தட்டும் பூவுமாக இரண்டு பெண்கள், அவர்களோடு நல்ல உயரமாக, பாவமாக மாப்பிள்ளை. பெரியப்பா கை கூப்பி, இப்போது வண்டியை எடுத்துவிடுவார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்க்கவில்லை. சரிவில் பளபளவென்று ஊர்ந்து, அவளுடைய செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்த எண்ணெயைப் பார்த்தாள்.

"என்னங்க இது, எண்ணெய் எதிர்ல வருது?"

"மிஷினுக்கு ஊத்துற எண்ணெய்ங்க. சகுனத்துல சேராது" என்றார் பெரியப்பா.

"எண்ணெய்னா எண்ணெய்தான். நல்லெண்ணெயா மிஷின் எண்ணெயான்னு சகுனம் மோந்து பாக்குமா?"

பெரியப்பா வேறு வழிகளைச் சொன்னார். அந்தக் கைக்கு அடியில் கொஞ்சம் குனிந்து வந்தால் ஆயிற்று என்றார். நல்ல காரியத்துக்கு இரும்புக்கு அடியில் குனிந்து நுழைவதா என்று அந்தம்மா கேட்டாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "அதை மடக்கித் தொலைடா!" என்று கத்தினார். எண்ணெய் இல்லாமல் கை மடங்காது, எண்ணெய் வாங்கி வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமோ என்னவோ என்று அப்பா தலையைச் சொறிந்தார். ராகு காலம் வந்துகொண்டிருந்தது. எண்ணெயும் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மட்டும் அந்த வண்டியை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றினாள்.

பெரியப்பா அன்று பேசிய பேச்சை எழுத முடியாது. சந்து முழுக்க வாசலுக்கு வந்து கேட்டது. இத்தனை வருஷம் தொழில் செய்கிறவனுக்கு ஒரு ஹோஸ் அளக்கத் தெரியாதா என்றார். அப்பா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, "அளவு தப்பிப்போச்சு அண்ணாச்சி" என்றார். நான்தான் பொறுக்க முடியாமல், "நான் அப்பவே சொன்னேன் பெரியப்பா! நீட்டி அளக்கச் சொன்னேன்! கேக்கல!" என்றேன். பெரியப்பா என் தலையைத் தடவி, இந்தப் பிள்ளைக்கு இருக்கிற புத்திகூட உனக்கில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் ஆலுவாவிலிருந்து, சகுனத்தடை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தகவல் வந்தது. வாக்கு எங்கள் பக்கத்திலிருந்து மாறவில்லை. பெரியப்பாவும் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று பெரியப்பா போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அத்தை பட்டுப்புடவையை மாற்றிவிட்டுப் பழைய சுடிதாரில் வந்தாள். இரும்புக் கைதான் ஏற்கெனவே நீண்டு கிடந்ததே. அதன்மேல் நாடாவை வைத்து அளந்தாள், வெட்டினாள், நெரித்தாள், மாட்டினாள். அப்பா பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு முழு எண்ணெய் டின்னை இழுத்துக்கொண்டு வந்தார். வைத்த இடம் மறந்துபோயிற்றாம். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "இது முன்னாடியே கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டபோது அவர் டின்னின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை அழகாக மடங்கியது, டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே அன்றுதான் அரை மணி நேர வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆறிப்போன கேசரியை நாங்களே உட்கார்ந்து தின்றோம். அத்தை இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். முந்திரியை எனக்குப் பொறுக்கித் தந்தாள்.

அப்புறம் எந்தக் கல்யாணப் பந்தியானாலும் பெரியப்பா இந்தக் கதையை ஆரம்பிப்பார், நான் முடித்துவைப்பேன். 'ஹோஸ் அளக்கத் தெரியாதவர்' என்ற பேர் அப்பாவுக்கு உறவுக்காரர்களிடையே நிலைத்துவிட்டது. தொழிலில் இருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. அப்பா பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரிப்பார். "என்ன இருந்தாலும் நீ சொன்னதுதான் சரி, மோளே" என்பார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும். சரி என்று தெரிந்தால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே?

அத்தைக்கு இப்போது வல்லார்பாடம் போகிற வழியில் சொந்தக் கடை. கட்டிக்கொண்டவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். ஹோஸ் மாட்ட வந்த இடத்தில் இவளைப் பார்த்து, இவளிடமே நேராகக் கேட்டவர். சென்ற மாதம் காக்கநாட்டில் வேலை முடிந்து அந்த வழியாகப் போனேன். கடை வாசலில் அதே மாதிரி கை நீட்டிப் புல் வெட்டுகிற வண்டி ஒன்று நின்றது. விடுவேனா? அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கதையை ஆரம்பித்துவிட்டேன். அத்தை மெஷினுக்கு முன்னால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மடக்கி அளந்ததைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். "இதுல பாருங்க, எங்கப்பா முதல்ல மரத்தூளைக் கொட்டினார், அதுக்கப்புறம்தான் எண்ணெய்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மரத்தூளை எண்ணெய் சிந்திய பிறகுதான் கொட்டுவார்கள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் நகக்கண்ணெல்லாம் கரி. "ஒருவழியா வந்து சேர்ந்துட்டியா?" என்றாள்.

தெருப் பக்கம் வரம்பு வேண்டாம் என்றது, பெஞ்சுக்கு அடியில் இருந்த டின், மெதுவாக விடு என்று டிரைவரிடம் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை ஊர் பார்க்கத் தப்பாகச் செய்திருக்கிறார். அந்தப் பேரை இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே சுமந்திருக்கிறார். அதை அவர்மேல் ஏற்றிவைத்ததில் பெரியப்பாவைவிட எனக்குத்தான் பங்கு அதிகம்.

அன்று நான் கையை நீட்டி அளக்கச் சொல்லிக் கத்தியபோது, அப்பா என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார் என்றேன் அல்லவா? அவர் நாடாவை மடக்கிய கையின்மேல் வைத்திருந்தார், இன்னும் குறிக்கவில்லை. எனக்குப் பின்னால் எலுமிச்சை வாசனை அடித்தது. இந்தச் சட்டத்தை யார் மறந்தாலும் மறக்காத அத்தை அங்கே நின்றிருக்கிறாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த பிறகுதான் அப்பா சாக்பீஸை எடுத்தார். நான் அப்பாவைத் திட்டுகிற அவசரத்தில் திரும்பியே பார்க்கவில்லை.